எரிந்தால்தான் மருந்தா?

(காளிகாட்டில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். கம்பனையும் வள்ளுவரையும் பற்றி அறிஞர்கள் முழங்கிய இதே மேடையில், புண்ணைப் பற்றியும் சீழைப் பற்றியும் பேச வந்து நிற்கிறோம். தலைப்பைக் கேட்டதும் செயலாளர் சற்றுத் தயங்கினார்; சாப்பாட்டுக்கு முன்பு வேண்டுமா என்று கேட்டார். அவர் தயக்கம் நியாயமானதே. மேலும், மெட்ரிகுலேஷன் வரை படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே பார்சல் ஆபீஸில் ரசீது எழுதிக் கொண்டிருக்கும் எங்களுக்கு மருந்தைப் பற்றிப் பேச என்ன தகுதி? ஒரே தகுதிதான் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு கால்விரல் போயிற்று.

சென்ற ஆண்டு சித்திரை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் தாயார் காளி கோயிலுக்குப் போய்வந்தார்கள். வயது எழுபத்தொன்று, பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவு. நண்பகல் வெயிலிலே காய்ந்த கல்தரையில் வெறுங்காலோடு வரிசையில் நின்றிருக்கிறார்கள். மற்றவர்களெல்லாம் காலை மாற்றி மாற்றி வைத்துத் துள்ளியபோது, தாம் மட்டும் அசையாமல் நின்றதாகப் பெருமையோடு வந்து சொன்னார்கள். ‘அம்பாள் அனுக்கிரகம், எனக்குச் சுடவே இல்லை’ என்றார்கள். நாங்களும் கைகூப்பினோம். சுடாமற் போனதற்குக் காரணம் வேறு என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் படுக்கை விரிப்பிலே ஒரு கறையைக் கண்டு, எங்கள் மகள்தான் பாட்டியின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். வலது பெருவிரலுக்கு அடியிலே கொப்புளம் உடைந்து, தோல் கழன்று கிடந்தது. உடனே வைத்தியம் தொடங்கிற்று. வீட்டிலிருந்த கிருமிநாசினித் திரவத்தை நீர் கலக்காமல் அப்படியே ஊற்றினோம். ‘எரிகிறதா, அம்மா?’ என்று கேட்டோம். ‘இல்லையப்பா’ என்றார்கள். எரியவில்லையென்றால் போதவில்லை போலும் என்று எண்ணி இன்னும் கொஞ்சம் ஊற்றினோம். பிறகு, பையனுக்குத் தொண்டைப் புண் வந்தபோது வாங்கி மிச்சமிருந்த காப்ஸ்யூல் இரண்டை உடைத்து, உள்ளிருந்த பொடியைத் தூவினோம். இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் அதைச் செய்யாதவர் எத்தனை பேர் என்று கேட்டால், கை உயர்த்துகின்றவர்கள் குறைவாகவே இருப்பார்கள்! தெருமுனை மருந்துக்கடையில் மூன்று நாள் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் பச்சைநிறச் சீழ் வடிந்தது. அறைக்குள் நுழைய முடியாத நாற்றம்.

நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். சீழைத் துடைத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்து ஒரு தாள் வந்தது. தாள்களைப் படிப்பதே எங்கள் தொழிலாதலால் அதனையும் படித்தோம். இடப்பக்கம் மருந்துகளின் பெயர். வலப்பக்கம் ஓர் ஆங்கில எழுத்து. ‘எஸ்’ என்றால் கிருமி அந்த மருந்துக்குப் பணியும். ‘ஆர்’ என்றால் பணியாது. மேலிருந்து கீழே பாதிக்கு மேல் ‘ஆர்’, ‘ஆர்’ என்றே இருந்தது. நாங்கள் உடைத்துத் தூவிய மருந்தின் பெயருக்கு எதிரேயும் அதே எழுத்துத்தான்.

பெருவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. கட்டு மாற்ற வந்த இளம் டாக்டர், புண்ணின் ஓரம் வெளுத்துச் செத்திருப்பதைக் காட்டி, ‘இதில் எதை ஊற்றினீர்கள்?’ என்று கேட்டார். சொன்னோம். ‘கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைத்த சதையையும் அல்லவா கொன்றிருக்கிறீர்கள்!’ என்றார். கோபித்துச் சொல்லவில்லை, ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் எங்களை விடவில்லை. விடுமுறை நாட்களில் நூல்நிலையத்திலும், பிள்ளைகளின் உதவியால் கம்ப்யூட்டரிலும் தேடிப் படித்ததன் பயனே இவ்வுரை.

அன்பர்களே! கிருமியைக் கொல்வது பெரிய வித்தையன்று. கொதிநீர் கொல்லும், நெருப்புக் கொல்லும். சதையை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் கொல்வதே வித்தை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் தேடிக் கொண்டிருப்பது அதைத்தான். 1867-ல் ஜோசப் லிஸ்டர் என்னும் ஆங்கில மருத்துவர், கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் காயத்தின்மேல் வைத்துக் கட்டினால் சீழ் பிடிப்பதில்லை என்று எழுதினார். அதற்கு முன்பு எலும்பு முறிந்து வெளியே தெரிந்தால் காலை வெட்டுவதே வழக்கம். எண்ணற்ற கால்களை அவர் காத்தார். ஆனால் அந்த அமிலம் நோயாளியின் சதையையும் சுட்டது. மருத்துவரின் கைகளையும் சுட்டது. அதே கார்பாலிக்கின் உறவினர்தான் நம் வீட்டுத் தரையைக் கழுவும் ஃபினாயில். ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் 1892-ல் எழுநூறு ரூபாய் முதலில் இதே கல்கத்தாவிலே தொடங்கிய முயற்சிதான் பின்னர் பெங்கால் கெமிக்கல் என்று வளர்ந்தது. அதன் ஃபினாயில் வாசனை தெரியாத கல்கத்தா வீடு உண்டோ? தரைக்கு அது சிறந்தது. தரைக்குச் சதையில்லை!

முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டிலே காயமுற்ற வீரர்களின் புண்களை ஆராய்ந்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பிற்காலத்தில், 1928-ல், பெனிசிலினைக் கண்டறிந்த அதே ஃபிளெமிங். அவர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். கண்ணாடிக் குழாய் ஒன்றைச் சூடாக்கி, அதன் சுவரில் முட்கள் போலப் பல சந்துகளை இழுத்துவிட்டுச் செயற்கைப் புண் ஒன்றை உண்டாக்கினார். அதில் கிருமியை இட்டு, பின்னர்க் கிருமிநாசினியை ஊற்றிக் கழுவினார். நடுப்பகுதி தூய்மையாயிற்று, சந்துகளில் கிருமி சுகமாக வாழ்ந்தது. உண்மைப் புண்ணிலோ இன்னொரு கேடும் நிகழ்ந்தது. கிருமியைத் தின்ன ஓடிவரும் நம் இரத்தத்தின் வெள்ளணுக்களை அம்மருந்துகள் முதலில் கொன்றுவிட்டன. காவற்காரனை அடித்துவிட்டுத் திருடனைத் தேடியது போலாயிற்று. எங்கள் வீட்டுப் பாட்டிலின் கதையும் அதுவேயன்றோ?

நம்மிடம் வேரூன்றிய இன்னொரு நம்பிக்கையும் உண்டு. ‘புண்ணைக் காற்றாட விடு, காயட்டும்’ என்பார்கள். எங்கள் பாட்டி சொன்னதும் அதுவே; உங்கள் பாட்டியும் சொல்லியிருப்பார். 1962-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் முதுகிலே சிறு காயங்கள் செய்து, சிலவற்றைக் காய விட்டார். சிலவற்றை மெல்லிய தாளால் மூடி ஈரமாகவே வைத்தார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு விரைவாக மூடிற்று. காய்ந்த பொருக்கின் அடியிலே புதுத்தோல் வழி தேடி ஊர்ந்து செல்ல வேண்டியிருக்கிறது. ஈரத்திலோ எளிதாக வழுக்கிச் செல்கிறது. இங்கேதான் சிக்கல். ஈரம் புண்ணுக்கு நல்லது, கிருமிக்கும் நல்லது! ஈரத்தையும் காக்க வேண்டும், கிருமியையும் ஒழிக்க வேண்டும், சதையையும் சுடக்கூடாது. இம்மூன்றுக்கும் விடையாகத்தான் மருத்துவக் கூழ் வருகிறது. ஆங்கிலத்தில் ஜெல் என்கிறோமே, அதுதான்.

கூழ் என்றதும் கேழ்வரகுக் கூழை நினைத்துவிட வேண்டாம். நுங்கை நினையுங்கள். நுங்கு பெரும்பகுதி தண்ணீரே. ஆயினும் கையில் எடுத்தால் ஒழுகுவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத ஒரு வலை உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அத்தகைய வலையைச் செயற்கையாகப் பின்னி, உடலுக்குள் வைத்தாலும் தீங்கு செய்யாதபடி ஆக்கலாம் என்று 1960-ல் செக் நாட்டு வேதியியலார் ஓட்டோ விக்டர்லேவும் டிராகோஸ்லாவ் லிம்மும் எழுதினார்கள். இன்று நம் பிள்ளைகள் கண்ணில் அணியும் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அதிலிருந்து பிறந்ததே. இந்த வலையைப் புண்ணின்மேல் இட்டால் காய்ந்த இடத்துக்கு ஈரம் தரும். சந்துபொந்துகளில் எல்லாம் படியும். கட்டை எடுக்கும்போது சதையைப் பிய்க்காது. காஸ் துணி காய்ந்து ஒட்டிக்கொள்ள, அதைப் பிரிக்கும்போது அலறிய நோயாளிகளின் குரலை அந்த வார்டிலே நாங்கள் கேட்டிருக்கிறோம்.

சரி, அந்த வலைக்குள் எந்த ஆயுதத்தை வைப்பது? வெள்ளியை வைத்தார்கள். சார்லஸ் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1968-ல் வெளியிட்ட சில்வர் சல்ஃபாடயசீன் என்னும் வெண்மைக் களிம்பு, தீக்காயத்திற்கு உலகெங்கும் பயன்பட்டது. நம் மருத்துவமனைகளிலும் இன்றுவரை காணலாம். எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து அது. ஆனாலும் பிற்கால ஆய்வுகளில் அது தோல் வளர்வதைச் சற்றுத் தாமதப்படுத்துகிறதோ என்ற ஐயம் எழுந்தது. பார்த்தீர்களா, பழைய சிக்கலே மீண்டும் தலைகாட்டுகிறது. நம் சித்த வைத்தியத்து மத்தன் தைலத்திலே ஊமத்தையிலைச் சாறும் தேங்காயெண்ணெயும் மயில்துத்தமும் சேர்கின்றன. மயில்துத்தம் செம்பின் உப்பு. செம்பும் கிருமியைக் கொல்லும். முன்னோர் உலோகத்தின் ஆற்றலை அறியாதவர் அல்லர். ஆயினும் அளவு மிஞ்சினால் அதுவும் சதையைச் சுடும். ஆகவே தெரிந்தவர் கையாலன்றி வேண்டாம்.

வேறொரு வழி பெங்களூரிலிருந்து வருகிறது. ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் ஜெயந்த ஹால்தார் குழுவினர் 2017-ல் ஒரு கூழைப் பற்றி எழுதினார்கள். அதன் மூலப்பொருளைக் கேட்டால் மீன்சந்தைக்குப் போகிறவர்கள் வியப்பார்கள். இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்னும் பொருள்தான் அது! நாம் ஓட்டை உரித்துக் குப்பையில் போடுகிறோம். அவர்கள் கைட்டோசானைச் சிறிது மாற்றி, அதன்மேல் நேர்மின்னூட்டம் தங்கும்படி செய்து, டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைச் சங்கிலியிலிருந்து ஆக்கிய மற்றொரு திரவத்தோடு கலந்தார்கள். இரண்டு திரவமும் சேர்ந்தவுடன் உறைந்து கூழாகிறது. ஊசிக்குழல் வழியே செலுத்தினால் புண்ணின் பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்தில் உறையும்.

அது கொல்லும் விதம்தான் எங்களை மிகவும் கவர்ந்தது. கிருமியின் மேலுறையில் எதிர்மின்னூட்டம் மிகுதி. நம் உடல் அணுக்களின் வெளிப்புறத்தில் அது மிகக் குறைவு. ஆகவே நேர்மின்னூட்டமுள்ள கூழ் கிருமியைத் தன்பால் இழுத்து அதன் உறையைக் கிழித்துவிடுகிறது. நம் அணுக்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. வழக்கமான ஆன்டிபயாடிக் மருந்து ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போன்றது. கிருமி பூட்டை மாற்றிவிட்டால் சாவி வீண். அந்தத் தாளில் நாங்கள் கண்ட ‘ஆர்’ என்பது மாற்றிய பூட்டுத்தான். கூழோ பூட்டைத் தேடுவதில்லை, சுவரையே இடிக்கிறது. சுவர் முழுவதையும் மாற்றுவது கிருமிக்கு எளிதன்று. மருந்துக்குப் பணியாத கிருமிகளையும் அக்கூழ் கொன்றது என்றும், எலிகளின் புண் ஆறத் துணை செய்தது என்றும் அவர்கள் எழுதியுள்ளனர்.

எலி என்ற சொல்லைக் கவனித்தீர்களா? எலியின் முதுகில் வென்றதெல்லாம் மனிதனின் பாதத்தில் வெல்லும் என்பதில்லை. எலியின் தோல் சுருங்கியே காயத்தை மூடும். நம் தோல் அப்படியன்று. எலிக்குப் பதினெட்டு ஆண்டு நீரிழிவும் இல்லை. கூழ் பல மாதம் கெடாமல் இருக்க வேண்டும். கிருமி நீக்கும்போது சிதையாமல் இருக்க வேண்டும். இரத்த அணுக்களை உடைக்காமல் இருக்க வேண்டும். பிறகு மனிதரிடம் படிப்படியாகச் சோதிக்க வேண்டும். பத்திரிகையில் ‘அதிசயக் கூழ்’ என்று தலைப்பைக் கண்டவுடன் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம் என்பதற்காகவே இதனைச் சொல்கிறோம்.

நம் நாட்டார் எளிய பொருள்களையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சோலாப்பூரில் சுப்பிரமணியம் என்ற அறுவை மருத்துவர் 1991-ல் வெளியிட்ட ஆய்விலே, தீக்காயம் பட்ட 104 பேரில் பாதிப்பேருக்குத் தேனும் பாதிப்பேருக்கு மேற்சொன்ன வெள்ளிக் களிம்பும் இட்டார். ஏழு நாளில் தேன் இட்ட புண்களில் நூற்றுக்கு 91 கிருமியற்றதாயின. களிம்பிட்டவற்றில் நூற்றுக்கு 7 மட்டுமே. இவ்வளவு பெரிய வேற்றுமையைக் கண்டு, வேறு இடங்களிலும் செய்து பார்த்த பின்பே நம்ப வேண்டும் என்று அறிஞர் பலர் கூறினர், அது முறையே. தேன் தன் சர்க்கரையால் நீரை உறிஞ்சுகிறது, புளிப்புத்தன்மை உடையது, சிறிது சிறிதாக ஹைட்ரஜன் பெராக்சைடையும் விடுகிறது. ஆனால் மருத்துவத் தேன் என்பது கதிரியக்கத்தால் கிருமி நீக்கப்பட்டது. மளிகைக் கடைத் தேன் தோசைக்குத்தான்! மும்பை மருத்துவர்கள் 2003-ல், நீராவியில் கிருமி நீக்கிய வாழையிலையைத் தீக்காயத்துக்குக் கட்டாக வைத்து, வலி குறைவதாக எழுதினார்கள். லேக் மார்க்கெட்டிலே பேரம் பேசி வாங்கும் வாழையிலைக்கு இப்படியொரு பெருமை! மஞ்சளுக்கும் ஒரு வழக்குண்டு. மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கே அமெரிக்காவில் 1995-ல் காப்புரிமை வழங்கிவிட்டார்கள்; நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களைக் காட்டி வாதாடி 1997-ல் அதனை நீக்கச் செய்தது. நம் பாட்டிமார்களுக்குக் கிடைத்த வெற்றி என்று அதனைக் கொள்ளலாம். ஆனால் அம்மியில் அரைத்த மஞ்சளை ஆழமான புண்ணில் அப்பலாம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

பச்சைக் குழாயில் வரும் போரோலினை விட்டுவிட்டால் வங்காளத்து நண்பர்கள் எங்களை மன்னிக்க மாட்டார்கள். 1929-ல் கௌர் மோகன் தத்தர் இந்நகரில் உண்டாக்கிய களிம்பு அது. உதட்டு வெடிப்புக்கும் சிறு கீறலுக்கும் எங்கள் வீட்டிலும் அது எப்போதும் உண்டு. எங்கள் தவறு, சீழ் பிடித்த ஆழ்புண்ணிலும் அதைத் தேடியது. அது களிம்பின் குற்றமன்று. பூசிய கையின் குற்றம்.

மிச்சக் காப்ஸ்யூலைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மனமில்லை. 2016 முதல் நம் அரசு மருந்து அட்டையில் சிவப்புக் கோடு பற்றிப் பிரசாரம் செய்தது. அக்கோடு உள்ள மருந்தை டாக்டர் சீட்டின்றி வாங்கவும் கூடாது, பாதியில் நிறுத்தவும் கூடாது, மிச்சத்தை எடுத்துவைத்துப் பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. எங்கள் அலமாரியில் இருந்த அட்டையிலும் சிவப்புக் கோடு இருந்தது. ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தோம். பொடியாகத் தூவும்போது புண்ணின் ஓரிடத்தில் மருந்து மிகுதியாகவும் ஓரிடத்தில் சொற்பமாகவும் விழுகிறது. சொற்பமாக விழுந்த இடத்துக் கிருமி சாகாமல் பழகிக்கொள்கிறது. பழகிய கிருமி ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஒரே குழாயடியில் நீர் பிடிக்கும் நம் காலனியில் அதனை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி எங்கள் தாயாருக்கு ஏன் சுடவில்லை என்ற கதைக்கு வருகிறோம். அதற்கு நம் வேலூருக்குப் போக வேண்டும். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் கால்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அவர்களுடைய சதை தானாக அழுகுவதில்லை. வலி தெரியாமையால், முள் குத்தினாலும் ஆணி ஏறினாலும் அதன்மேலேயே நடந்து புண்ணாக்கிக் கொள்கிறார்கள் என்று காட்டினார். புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டு இட்டு ஓய்வு கொடுத்தபோது, நெடுநாள் ஆறாத புண்களும் ஆறின. நீண்டநாள் நீரிழிவிலும் நரம்பு அவ்வாறே மங்குகிறது. நாங்கள் ‘எரிகிறதா’ என்று கேட்டது, மணி அறுந்துபோன வீட்டுக் கதவின் முன்னே நின்று பொத்தானை அழுத்தியதற்கு ஒப்பாகும்.

ஆகவே எந்தக் கூழும் தனியே வெல்லாது. எங்கள் தாயாருக்கு மருத்துவமனையில் வெள்ளி கலந்த கூழைத்தான் இட்டார்கள். அதற்கு முன்னால் செத்த சதையைக் கத்தியால் அகற்றினார்கள். சோதனைத் தாளில் ‘எஸ்’ என்றிருந்த மருந்தை ஊசியாகச் செலுத்தினார்கள். சர்க்கரையை இன்சுலினால் கட்டுப்படுத்தினார்கள். முன்பாதம் தரையில் படாதபடி தனிச் செருப்பு கொடுத்தார்கள். மூன்று மாதமும் ஒரு வாரமும் ஆயின. செஞ்சதை அடியிலிருந்து பொங்கி வந்ததை ஒவ்வொரு கட்டு மாற்றும்போதும் கண்டோம். இழந்த விரல் இழந்ததுதான். முதல் நாளே போயிருந்தால் அதுவும் இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டோம். அவர் விடை சொல்லாமல் கட்டைச் சுற்றிக் கொண்டிருந்தார்.

நிர்வாகக் குழுவிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். வரும் மாதம் முதல், மூன்றாம் ஞாயிறு காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை, நம் சங்க நூலக அறையில் பாதச் சோதனை நடைபெறும். நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற செவிலித் தாயார் ஒருவர் வர இசைந்துள்ளார். மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். ஐந்து நிமிட வேலை, கட்டணம் இல்லை. நீரிழிவு உள்ள பெரியவர்கள் எல்லாரும் வர வேண்டும். வரும்போது முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் கொண்டுவாருங்கள். குனிய முடியாதவர்கள் அதைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கும் முறையை எங்கள் மகள் காட்டுவாள். அவள் அதில் இப்போது தேர்ந்தவள்.

தாயாரும் இதோ மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார்கள்; எங்கள் பேச்சு நீண்டுவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். கோயிலுக்கு இப்போதும் போகிறார்கள். விடியற்காலையில், கல் குளிர்ந்திருக்கும் நேரத்தில், பருத்திக் காலுறை அணிந்துகொண்டு. திரும்பி வந்ததும் பேத்தியின் முன்னே காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள்.